சப்பாத்தி மாவு ஏன் கறுக்குது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராத்திரி மாவு பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சா காலையில சாம்பல் கலர்ல ஆயிடுது. அத்தை மாவுல கலப்படம்னு சொல்றாங்க, வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் சரியில்லங்கறார். யுனிவர்சிட்டிலல்லாம் கோதுமை ஆராய்ச்சி பண்றாங்களே, இதையெல்லாம் கவனிக்க மாட்டாங்களா? (ஒரு வாசகி, ஈரோடு)

அத்தைகிட்ட சொல்லுங்கம்மா, மாவு கறுத்துச்சுங்கறத மட்டும் வெச்சு கலப்படம்னு சொல்லிட முடியாது. கோதுமைத் தவிட்டுல பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, வாழைக்காய் கத்திரிக்காய் நறுக்கி வெச்சா கறுக்குதுல்ல, அதே சங்கதிதான். தண்ணியும் காத்தும் பட்டதும் வேலைய ஆரம்பிச்சிடும், ஃப்ரிட்ஜ் குளிர்ல மெதுவாகுமே தவிர நிக்காது. ஆட்டா தவிடோட அரைக்கறது, அதனாலதான் மைதாவ விட சீக்கிரம் கறுக்குது. உருண்டை மேல லேசா எண்ணெய் தடவி, காத்து போகாத டப்பால வெச்சுப் பாருங்க, கொஞ்சம் குறையும்.

கவனிக்கறாங்களான்னு கேட்டீங்க, ரொம்பவே கவனிக்கறாங்க. அமெரிக்கால புல்மன்ங்கற ஊர்ல வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி இருக்கு, அந்த கேம்பஸ்லயே அரசாங்க விவசாயத் துறையோட கோதுமைத் தரம் பாக்கற லேபும் இருக்கு. அந்தப் பக்கத்து கோதுமை நிறைய ஆசிய நாடுகளுக்குப் போகுது, அங்க நூடுல்ஸ் செய்றவங்களுக்கு மாவு கறுத்தா ஆகாது, அதனால இந்த என்சைம் கம்மியா இருக்கற செடியத் தேடறாங்க. எப்படித் தெரியுமா, ஒரு சின்ன ட்யூப்ல அஞ்சே அஞ்சு முழு கோதுமைய எல்-டோபாங்கற ரசாயனம் கரைச்ச தண்ணில போட்டு ஒரு மணி நேரம் ஆட்டி வெக்கறாங்க, தண்ணி செம்பழுப்பா எவ்வளவு மாறுதோ அவ்வளவு என்சைம்னு கணக்கு. அரைக்கவே வேணாம். உங்க டப்பால ராத்திரி முழுக்க நடக்கறத அஞ்சு விதைல ஒரு மணி நேரத்துல பாத்துடறாங்க.

கேள்வி: நான் அக்ரி படிக்கறேன் சார். விளைச்சல் கூடினா போதாதா, தரத்துக்குன்னு தனியா ஏன் லேப், ஏன் இத்தன வருஷம்? (மாணவர், மதுரை)

தம்பி, இதுக்கு நம்ம நாட்டுலயே நடந்தத சொல்றேன். ஜப்பான்ல நோரின் 10னு ஒரு குட்டை கோதுமை இருந்துச்சு. 1946ல அமெரிக்கா கொண்டு போனாங்க, புல்மன்ல ஆர்வில் வோகல்ங்கற விஞ்ஞானி அத ப்ரீவர்ங்கற ரகத்தோட கிராஸ் பண்ணினார், அதோட விதை மெக்ஸிகோல கோதுமை ஆராய்ச்சி பண்ணின நார்மன் போர்லாக் கைக்குப் போச்சு. உரம் போட்டாலும் சாயாத குட்டை ரகங்கள் அங்கருந்துதான் வந்துச்சு, 1966ல இந்தியா 18,000 டன் விதை வாங்குச்சு. ஆனா அப்படி வந்த லெர்மா ரோஹோ, சோனோரா 64ங்கற ரகங்கள் ரெண்டுமே சிவப்பு மணி. கதிர் குலுங்குச்சு, சப்பாத்தி கலர் யாருக்கும் புடிக்கல, சந்தைல விலை கம்மியாப் போச்சு. அப்புறம் லூதியானால பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் மெக்ஸிகோலருந்து வந்த விதைலருந்தே மஞ்சள் மணி உள்ள செடிகளப் பொறுக்கி எடுத்து 1967ல கல்யாண் சோனான்னு வெளியிட்டாங்க, அதுக்கப்புறம்தான் குட்டைக் கோதுமை வயல் வயலாப் பரவுச்சு. சாப்பிடறவங்களுக்குப் புடிக்காத விளைச்சல விவசாயி எத்தன நாள் போடுவார் சொல்லுங்க.

ஏன் இத்தன வருஷம்னா, கிராஸ் பண்ணின ரெண்டாவது தலைமுறைல ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி, ஒரு செடிக்கு கைப்பிடி விதைதான் கிடைக்கும், அதுல பாதி அடுத்த வருஷம் விதைக்கணும். மிச்சத்த வெச்சு என்ன சப்பாத்தி சுடறது? அதான் சின்ன சின்ன டெஸ்ட். மாவ அளவு ஜாடில தண்ணியோட போட்டு குலுக்கி, சோப்பு மாதிரி ஒரு ரசாயனமும் லாக்டிக் ஆசிடும் ஊத்தி அசையாம விட்டுடுவாங்க. பசைத்தன்மை பலமா இருக்கற மாவு ஊதி, படிவு உசரமா நிக்கும், பலவீனமான மாவு அடில தட்டையா உக்காந்துடும். ஸ்கேல் வெச்சு அளந்துட்டு அடுத்த ஜாடி, இப்படி நூத்துக்கணக்குல. பல வருஷம் கழிச்சு செடி நிலைச்சு, கிலோ கணக்குல மணி கிடைச்சப்புறம்தான் நிஜமாவே மாவாக்கி சப்பாத்தி சுட்டு உப்புதா, கிழிக்க மெதுவா இருக்கா, ஆறினப்புறம் விறைக்குதான்னு மார்க் போடறது.

இன்னொன்னும் இருக்கு, எனக்கு மனசு அடிச்சுக்கற விஷயம் இது. சி 306னு ஒரு பழைய உசரமான ரகம், சப்பாத்தின்னா வடக்க இன்னிக்கும் அதுதான் அளவுகோல், ஆனா விளைச்சல் கம்மி, உரம் போட்டா சாஞ்சிடும். லூதியானால அந்த ருசிய விளைச்சலோட சேர்க்கணும்னு பி.பி.டபிள்யூ. 1 சப்பாத்தின்னு பேர்லயே வெச்சு ஒரு ரகம் கொண்டு வந்தாங்க. ஆனா அரசாங்கம் குறைந்தபட்ச ஆதார விலைல வாங்கும்போது மெதுவான சப்பாத்தி தர்ற கோதுமைக்கும் சாதா கோதுமைக்கும் ஒரே விலை, எடைக்குத்தான் காசு. அப்ப விவசாயி எடையத்தான பாப்பார், அவர குறை சொல்ல முடியாது. விலை பேசாத குணத்தயும் விடாம பாத்துக்கிட்டு இருக்கறது யுனிவர்சிட்டி, அரசாங்க லேபுங்கதான், அங்க நிதி வெட்டினா நேரா நம்ம தட்டுலதான் தெரியும், அத நான் உறுதியா சொல்வேன்.

கேள்வி: ஊட்டி பக்கம் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருக்காமே, நம்ம ஊர்ல கோதுமைக்கு என்ன வேலை? (வாசகர், குன்னூர்)

உங்க ஊர் பக்கத்துலயே, வெலிங்டன்லதாங்க இருக்கு, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தோட கிளை. கோதுமைய வாட்டற துரு நோய்ங்கற பூஞ்சை, வடக்க சமவெளில வெயில் காலத்துல செத்துப் போயிடும், ஆனா நீலகிரி, பழனி மலைல குளிரா இருக்கறதால வருஷம் பூரா உயிரோட இருந்து காத்துல வடக்க போகுதுன்னு கே. சி. மேத்தாங்கற நம்ம நாட்டு விஞ்ஞானி கண்டுபிடிச்சார். அதனால ஒரு புது செடி துரு நோயத் தாங்குமான்னு பாக்க வெலிங்டன் வயல விட நல்ல எடம் கிடையாது. வடக்க ஏப்ரல்ல அறுத்த விதைய மலைல உடனே போட்டு அதே வருஷம் இன்னொரு தலைமுறை எடுத்துடவும் முடியும். நாம கஞ்சி வெக்கற சம்பா கோதுமையும் அங்க ஆராய்ச்சில இருக்கு.