ஃபர்னஸ் பழுதும் பில்லும்: கேள்வி-பதில்

குளிர் தொடங்கிவிட்டது. வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல், கேஸை எரித்து வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் ஃபர்னஸைப் பற்றித்தான். அதனால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: ஃபர்னஸ் பற்றுகிறது, நாலைந்து விநாடியில் அணைந்துவிடுகிறது. இப்படி மூன்று முறை ஆனதும் அப்படியே நின்றுவிடும். பழுது பார்க்க வந்தவர் பத்து நிமிடம்தான் இருந்தார். எதையும் மாற்றவில்லை, ஆனால் பில் பெரிது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு ஃப்ளேம் சென்சர்தான் பெரும்பாலும் காரணம். பென்சிலை விட மெல்லிய ஓர் உலோகக் கம்பி அது. சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சுடர் எரிகிறதா என்பதை அதன் வழியே ஓடும் மிகச் சிறிய மின்னோட்டத்தை வைத்துத்தான் ஃபர்னஸ் தெரிந்துகொள்கிறது. கம்பியில் மெல்லிய படிவு ஏறிவிட்டால் மின்னோட்டம் குறையும். சுடர் இருந்தும் இல்லை என்று முடிவு செய்து கேஸை மூடிவிடும். நல்ல பாதுகாப்பு ஏற்பாடு அது. கம்பியைக் கழற்றி மெதுவாகத் தேய்த்து மாட்டினால் போதும்.

அவர் செய்தது அதுதான் என்றால் நீங்கள் கொடுத்தது வந்துபோன கூலி. அதில் மோசடி இல்லை. பில்லில் 'சென்சர் மாற்றப்பட்டது' என்று இருந்தால் கதை வேறு. பழைய சென்சர் எங்கே என்று கேளுங்கள். இனி யார் வந்தாலும், வருகைக் கட்டணம், உதிரிபாகம், வேலைக் கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே தொகை போட்ட பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டுச் சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டின் திரையில் எதுவுமே தெரியவில்லை. நள்ளிரவில் ஆளைக் கூப்பிட்டேன். பேட்டரியை மாற்றிவிட்டு இரட்டைக் கட்டணம் வாங்கிப் போனார். புகார் செய்யலாமா?

பதில்: எதற்கு? நீங்கள் கூப்பிட்டீர்கள், நள்ளிரவில் வந்தார், பழுதைக் கண்டுபிடித்தார், சரிசெய்தார். போன் எடுப்பதற்கு முன் பேட்டரி, பிரேக்கர், ஃபர்னஸுக்குப் பக்கத்தில் சாதாரண விளக்கு ஸ்விட்ச் போலவே இருக்கும் அதன் ஸ்விட்ச், ஃபர்னஸின் கதவுத் தகடு சரியாக மூடியிருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

கேள்வி: வருடாந்தரச் சோதனைக்கு வந்தவர், ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல், உயிருக்கே ஆபத்து என்று சொல்லி ஃபர்னஸை நிறுத்திவிட்டார். புதியதற்கு இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடியாம். வீட்டில் வயதான அம்மாவும் நானும்தான். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. அந்தப் பயத்தை வைத்துத்தான் சிலர் விற்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் என்னால் பொறுமையாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது உள்ளே நெருப்பும் வெளியே நீங்கள் சுவாசிக்கும் காற்றும் இருக்கும் உலோகச் சுவர். அதில் உண்மையிலேயே விரிசல் விட்டால் புகைவாயு வீட்டுக்குள் வர வழி உண்டு. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வந்து, சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்தவர்கள் எழாமல் போனது உண்டு. ஆகவே சந்தேகம் தீரும் வரை ஃபர்னஸ் நின்றே இருக்கட்டும். அதுவரை ஒரு மின்சார ஹீட்டர் போதும். கேஸ் அடுப்பையோ கரியையோ மூட்டிக் குளிர்காய வேண்டாம்.

ஆனால் ஃபர்னஸை நிறுத்துவது வேறு, புதியது வாங்கக் கையெழுத்துப் போடுவது வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவரிடம் விரிசலைக் காட்டச் சொல்லுங்கள். கேமராவை உள்ளே விட்டு எடுத்த படம் வேண்டும். அது உங்கள் ஃபர்னஸ்தான் என்று தெரிய வேண்டும். துருக்கோட்டையும் கீறலையும் விரிசல் என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். கண்டதை எழுதி, தேதி போட்டு வாங்குங்கள். அப்புறம் இன்னொருவரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். முதலாமவர் என்ன சொன்னார் என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.

கதவுத் தகட்டைத் திறந்தால் உள்ளே சீரியல் எண் இருக்கும். அதைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து வாரண்டி கேளுங்கள். மற்ற பாகங்களை விட ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு வாரண்டி நீளம். 20 வருடம் தருபவர்கள் உண்டு, அதற்கு மேலும் உண்டு. பாகம் இலவசமாக வந்தாலும் கூலி உங்களுடையதுதான். மொத்த ஃபர்னஸையும் பிரிக்க வேண்டும் என்பதால் அந்தக் கூலியும் பெரிதாக இருக்கும்.

நான் ஒரு முறை இதே பயத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் கைக்குழந்தை இருந்தது. பழையதை அன்று மாலையே தூக்கிப் போய்விட்டார்கள். விரிசலை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. மாட்டிய புதியதோ வீட்டுக்குத் தேவையானதை விடப் பெரியது. சட்டென்று சூடாக்கி நிற்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஓடும். முன்னறை கொதிக்கும், பின்னறை குளிரும். பல குளிர்காலம் அதோடு வாழ்ந்தோம். உங்கள் அம்மாவுக்கு அந்த நிலை வரக் கூடாது.

படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாவிட்டால் இன்றைக்கே மாட்டுங்கள். இருந்தால் பின்பக்கம் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: ஃபர்னஸுக்குள் போகும் காற்றில் தூசியைப் பிடிக்கும் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான்கு வருடம் ஆகிறது. காற்றைத் தள்ளும் ப்ளோயர் மோட்டார் போய்விட்டது. வாரண்டி கிடையாது என்கிறார்கள்.

பதில்: கையேட்டில் எழுதியிருக்கிறது. பராமரிக்காததால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது என்பதும் அதிலேயே இருக்கும். 1 அங்குல ஃபில்டரை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். மோட்டாருக்கு நீங்களே பணம் கட்டுங்கள்.

கேள்வி: பையனுக்கு ஒவ்வாமை. இருப்பதிலேயே அடர்த்தியான ஃபில்டர் வாங்கிப் போட்டேன். இப்போது ஃபர்னஸ் பாதியில் நின்றுவிடுகிறது.

பதில்: நானும் அதையே பெட்டியோடு வாங்கினேன், நல்லது என்று நம்பி. மெல்லிய சட்டத்தில் மிக அடர்த்தியான ஃபில்டர் போட்டால் காற்று ஓட்டம் குறையும். உள்ளே சூடு ஏறி, லிமிட் ஸ்விட்ச் எரிப்பானை அணைத்துவிடும். உங்கள் ஃபர்னஸுக்குச் சொல்லியிருக்கும் ஃபில்டரை மாட்டிப் பாருங்கள், சரியாகலாம். அடர்த்தியானதுதான் வேண்டும் என்றால் 4 அங்குல ஃபில்டர் பிடிக்கும் சட்டம் போட முடியுமா என்று கேளுங்கள். பையன் அறைக்குத் தனியாக ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வைத்தாலும் நல்லது.

கேள்வி: வீடியோ பார்த்து கேஸ் வால்வை நானே மாற்றலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: 17 வருட ஃபர்னஸ். மோட்டார் மாற்றுவதா, புதியது வாங்குவதா?

பதில்: ஃபர்னஸின் ஆயுள் பொதுவாக 15 முதல் 20 வருடம். பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தொட்டால் நான் புதியதைத்தான் வாங்குவேன். முதலில் மோட்டாரா, அதற்கு உதவும் கெபாசிட்டரா என்று கேளுங்கள். கெபாசிட்டர் மலிவான பாகம், அது மட்டும் போயிருந்தால் மாற்றிவிட்டு ஓட்டலாம். புதியது வாங்குவதானால், 80 சதவீதத் திறன் உள்ளதில் நூறு பங்கு எரிபொருளில் இருபது புகைக்குழாய் வழியே போகும். 95 சதவீதத்தில் ஐந்துதான். ஆனால் அதற்கு வேறு குழாயும் தண்ணீர் வடிகாலும் போட வேண்டும், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கேளுங்கள். வீட்டை அளந்து வெப்பத் தேவையைக் கணக்குப் போடாமல் 'பழைய அளவே போதும்' என்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: பாகம் வரவழைக்க வேண்டும் என்று முழுப் பணத்தையும் முன்னதாக வாங்கிக்கொண்டார். மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை. கைக்குழந்தையோடு ஒரே அறையில் இருக்கிறோம்.

பதில்: படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. உங்கள் மேல் தப்பில்லை, குளிரில் யாரும் அப்படித்தான் கொடுத்திருப்பார்கள். இன்றைக்கே எழுத்து மூலம் கேளுங்கள்: என்ன பாகம், எந்தத் தேதியில் ஆர்டர் கொடுத்தார், ஆர்டர் ரசீது எங்கே. ஒரு வாரத்துக்குள் வேலை அல்லது பணம் என்று தேதி போடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் அந்த வாரத்துக்குக் காத்திருக்காமல் வங்கியைக் கூப்பிட்டு, வாங்காத சேவைக்குப் பணம் போய்விட்டது என்று சொல்லுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. அவர் உரிமம் பெற்றவர் என்றால் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும் நுகர்வோர் அமைப்புக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். நகலை எனக்கும் அனுப்புங்கள். பதில் வரும் வரை நானும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.