கொலை நடந்த வீட்டை என்ன செய்வது? வாசகர் கேள்வி பதில்

(இந்த இதழில் சட்டம், கட்டடம், துப்புரவு ஆகிய மூன்று துறைகளிலும் அனுபவம் உள்ளவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் வெளியிடவில்லை.)

கேள்வி: என் அண்ணனும் அண்ணியும் அவர்கள் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார்கள். வழக்கு இன்னும் தொடங்கவில்லை. போலீஸ் சீலை எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டது. "அந்த வீடு கண்ணில் படவே கூடாது, இடித்துவிடு" என்கிறார்கள் உறவினர்கள். இடிக்கலாமா?

இப்போது வேண்டாம். சாவி கைக்கு வந்துவிட்டது என்பதற்காக வழக்குக்கு வீடு இனித் தேவைப்படாது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மாஸ்கோ நகரில், 2022 நவம்பரில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்ட வாடகை வீட்டை உரிமையாளர் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். வழக்கு முடியும் முன்பே, 2023 டிசம்பர் 28 அன்று அது இடிக்கப்பட்டது. அரசுத் தரப்பும் எதிர்த்தரப்பும் தடை சொல்லவில்லை. இடிப்பதற்கு முன் புலனாய்வாளர்கள் மறுபடி உள்ளே போய், வீட்டின் மாதிரி உருவம் செய்வதற்கான அளவுகளை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அப்படியும், பிள்ளையைப் பறிகொடுத்த சில குடும்பங்கள் "வழக்கு முடியட்டும்" என்று கடைசிவரை எதிர்த்தன. ஃபுளோரிடாவின் பார்க்லாண்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2018-ல் 17 பேர் கொல்லப்பட்ட பள்ளிக் கட்டடத்தை வழக்குகளுக்காக அப்படியே பூட்டி வைத்தார்கள். 2022-ல் ஜூரிகள் அதற்குள் நடந்து பார்த்தார்கள். இடிக்கும் வேலை 2024 ஜூனில்தான் தொடங்கியது. அதுவரை பிள்ளைகள் தினமும் அந்தக் கட்டடத்தைக் கடந்துதான் வகுப்புக்குப் போனார்கள்.

காத்திருப்பதும் வலி, அவசரப்படுவதும் வலி. ஆனால் இடித்ததை மறுபடி கட்டி நீதிமன்றத்துக்குக் காட்ட முடியாது. அதனால்தான் பொறுங்கள் என்கிறோம்.

முதலில் விசாரணை அதிகாரியிடமிருந்து "இடம் இனித் தேவையில்லை" என்று எழுத்தில் வாங்குங்கள். அரசு வழக்கறிஞருக்கும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் உங்கள் வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பி, ஆட்சேபம் இல்லை என்ற பதிலைப் பெறுங்கள். வாய்வார்த்தை எதற்கும் உதவாது. அடுத்து ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுக்கச் சொல்லுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எந்த ஜன்னலிலிருந்து எது தெரியும், விளக்கு எங்கே இருக்கிறது, படிக்கட்டில் எத்தனை படி என்பதெல்லாம் பதிவாக வேண்டும். நீதிமன்றத்தில் கேள்வி எழுவது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்களில்தான். இந்த வேலையை நீங்களோ வீட்டாரோ செய்ய வேண்டாம். வெளியாள் ஒருவரை அனுப்புங்கள்.

வீட்டின் மேல் கடன் இருந்தால், அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க முடியாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரியப்படுத்துங்கள். பல பாலிசிகளில், 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பு குறைந்துவிடும். இதைக் கவனிக்காமல் விட்டு, பிறகு தீ விபத்தோ தண்ணீர்க் கசிவோ நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். தண்ணீர் இணைப்பை மூடிவிட்டு, வாரம் ஒருமுறை ஒருவர் போய்ப் பார்த்து, தேதியோடு குறித்து வையுங்கள்.

கேள்வி: போலீஸ் போனபிறகு வீடு முழுக்கக் கறுப்புத் தூள், ரத்தக் கறை. யார் சுத்தம் செய்வது?

அநேக இடங்களில் போலீஸ் செய்யாது. அந்தப் பொறுப்பு உரிமையாளருடையது. முடிந்தவரை இதற்கென்றே இருக்கிற துப்புரவுக் குழுவிடம் விடுங்கள். இறந்தவரின் வீட்டார் முழங்காலிட்டுத் தரையைத் துடைப்பது போன்ற கொடுமை வேறு இல்லை. அது நடக்கக் கூடாது. ஆனால் வேலை சரியாக நடக்கிறதா என்று கண்காணிக்கச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

கறுப்புத் தூள் கைரேகை எடுக்கத் தூவியது. அதில் ஈரத்துணி பட்டால் மையாகப் பரவிவிடும். முதலில், மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும், பிறகுதான் சோப்புத் தண்ணீர். சுவரில் ஊதாக் கறை இருந்தால் அது, கைரேகையை வெளிக்காட்டப் பயன்படுத்தும் நின்ஹைட்ரின் என்ற ரசாயனத்தின் வேலை.

காய்ந்த ரத்தம்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கையுறை, முகக்கவசம், கண்ணாடி அவசியம். துடைக்கக் குளிர்ந்த தண்ணீரே சரி. சூடான தண்ணீர் ரத்தத்தில் உள்ள புரதத்தை இறுக்கிக் கறையை நிரந்தரமாக்கிவிடும். சோப்பால் கழுவிய பிறகு கிருமிநாசினி: ஒரு பங்கு வீட்டு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அன்றன்று கலந்தது. அது 10 நிமிடம் ஈரமாகவே நிற்க வேண்டும். கழுவாமல் நேராக ப்ளீச் ஊற்றினால் ரத்தமே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். ப்ளீச்சோடு ஆசிட்டையோ அம்மோனியாவையோ சேர்த்தால் விஷவாயு வரும்.

பெரிய தவறு கார்பெட்டில்தான் நடக்கிறது. மேலே உள்ளங்கை அளவு கறை தெரிந்தால், அடியில் இருக்கும் மெத்தையில் அதைப்போலப் பல மடங்கு பரவியிருக்கும். மேலே மட்டும் துடைத்துவிட்டுப் போனால் மழைக்காலத்தில் நாற்றம் திரும்ப வரும். கார்பெட், அடிமெத்தை, ஊறிய மரப்பலகை, ஜிப்சம் பலகை எல்லாவற்றையும் கறையே இல்லாத பகுதி வரும்வரை, அதற்கு அப்பாலும் ஒரு சாண் சேர்த்து, வெட்டி எடுக்க வேண்டும். மாடியில் நடந்திருந்தால் கீழ்த்தளத்து உட்கூரையைப் பார்க்க மறக்காதீர்கள். டைல்ஸ் தரையானால் இடுக்குப் பூச்சைச் சுரண்டிப் புதிதாக நிரப்ப வேண்டும். கான்கிரீட்டைச் சுத்தம் செய்து, காயவிட்டு, எபாக்சி பூசலாம். சுவருக்குத் தண்ணீரில் கரையும் பெயின்ட்டை நேராக அடித்தால் சில வாரத்தில் பழுப்புக் கறை மேலே வந்துவிடும். அதற்கு முன், கறையை அடைத்து நிறுத்தும் அடிப்பூச்சான ஷெல்லாக் பிரைமர் ஒரு கோட் வேண்டும். வெட்டி எடுத்தவை மருத்துவக் கழிவோடு போக வேண்டியவை. தெருக் குப்பையில் போடாதீர்கள்.

கேள்வி: கொலை செய்ததாகக் கைதானவரே வீட்டில் பாதிப் பங்குதாரர். இறந்தவரின் பங்கும் அவருக்கே போய்விடுமா?

கொலைகாரன் தன் குற்றத்தால் சொத்தடையக் கூடாது என்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்கின்றன. உயில் எழுதிய தாத்தாவை விஷம் வைத்துக் கொன்ற பேரனுக்கு அந்தச் சொத்து இல்லை என்று நியூயார்க் நீதிமன்றம் 1889-லேயே தீர்ப்பளித்தது. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இதையே சொல்கிறது. தந்தையைக் கொன்ற மகனின் மனைவி, அவன் வழியாகப் பங்கு கேட்டபோதும் 2005-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது.

ஆனால் அவர் பெயரில் ஏற்கெனவே இருக்கும் பாதி, கொலை செய்ததால் மட்டும் தானாகப் பறிபோகாது. அதை அவர் விற்றுவிடாமலிருக்க சிவில் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேளுங்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருந்தால், வழக்குச் செலவுக்கென்று அந்தப் பங்கு கைமாறி, முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பங்குதாரராகிவிடலாம்.

கேள்வி: விற்கும்போது சொல்ல வேண்டுமா?

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியாவில் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய மரணத்தைத் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2014-ல், கொலையும் தற்கொலையும் நடந்ததென்பது வீட்டின் குறை ஆகாது என்றது. ஜப்பான் அரசு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி வாடகைக்கு விடும்போது சுமார் மூன்று ஆண்டு சொல்ல வேண்டும்; விற்பனைக்கு அப்படிக் கால வரம்பு இல்லை.

சட்டம் விட்டாலும் சொல்லிவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. பக்கத்து வீட்டுக்காரர் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார். விளம்பரத்தில் போட வேண்டாம். வீட்டைப் பார்க்க வருகிறவரிடம், முன்பணம் வாங்கும் முன், இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். ஒப்பந்தத்திலும் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிற்பாடு வழக்கு வந்தால் காப்பது அந்த வரிதான்.

கேள்வி: வழக்கு முடிந்துவிட்டது. இடிப்பதா, நினைவிடம் ஆக்குவதா என்று குடும்பத்தில் ஒத்துப்போகவில்லை.

யாருக்கு இழப்பு அதிகமோ அவர்கள் முதலில் பேசட்டும். மற்றவர்கள் கேளுங்கள். உலகில் எல்லா வழிகளும் முயன்று பார்க்கப்பட்டவையே. கலிஃபோர்னியாவின் சான் யசீட்ரோவில் 1984-ல் 21 பேர் கொல்லப்பட்ட உணவகத்தை இடித்த இடத்தில் ஒரு கல்லூரி வளாகம் இருக்கிறது. வாசலில் 21 அறுகோணத் தூண்கள். நார்வேயின் உட்டோயா தீவில் 2011-ல் 69 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே சிற்றுண்டிக் கட்டடத்தின் ஒரு பகுதியை இடிக்காமல், அதைச் சுற்றிப் புதிய கட்டடம் எழுப்பினார்கள். உள்ளே 69 மரத்தூண்கள், வெளிச்சுற்றில் பிழைத்தவர்களுக்காக 495. பாரிஸின் பட்டக்லான் அரங்கில் 2015-ல் 90 பேர் இறந்தார்கள், ஓராண்டில் அங்கே மறுபடி இசை கேட்டது.

பொது இடங்களுக்கு நினைவிடம் பொருந்தும். தனி வீட்டுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. பராமரிப்பு ஒரு தலைமுறைக்கு மேல் நீடிக்காது, வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் மட்டும் வந்துகொண்டே இருப்பார்கள். பெயர் பொறித்த ஒரு பெஞ்சையோ மரத்தையோ இறந்தவர்கள் விரும்பிய வேறு இடத்தில் வையுங்கள்.

இடிப்பதென்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்ற சோதனை, மின்சாரம், எரிவாயு, தண்ணீர் துண்டித்ததற்கான சான்று, இடிக்கும் அனுமதி மூன்றும் கையில் இருக்கட்டும். முதல் நாளே ஆள் உயரத்துக்கு மேல் மறைப்பு கட்டுங்கள். தேதியை வெளியே சொல்லாதீர்கள். இங்கிலாந்தின் குளோஸ்டரில், தொடர் கொலைகள் நடந்த வீட்டை 1996-ல் இடித்தபோது செங்கல்லைப் பொடியாக்கி, மரத்தை எரித்தார்கள். யாரும் ஒரு துண்டைக்கூட எடுத்துப்போய் விற்கக் கூடாது என்பதற்காக. இன்று அங்கே இருப்பது ஒரு நடைபாதை மட்டும். உங்கள் ஒப்பந்தக்காரரிடமும் இடிபாட்டை அதே நாளில் ஏற்றி, நொறுக்கும் இடத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கதவு எண், பெயர்ப்பலகை, தபால் பெட்டி மூன்றையும் முந்தின நாளே கழற்றி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காணாமல் போவது அவைதான். பிறகு அங்கே வீடு கட்டுவதாக இருந்தால், வேறு கதவு எண் கேட்டு உள்ளாட்சிக்கு விண்ணப்பிக்கலாம். சிகாகோ அருகே 33 பேரைக் கொன்றவனின் வீட்டை 1979-ல் இடித்தார்கள். பின்னாளில் அதே மனையில் எழுந்த வீட்டுக்கு வேறு எண்தான்.

வாசல் மரத்தை மட்டும், முடிந்தால், வெட்டாமல் விடச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஏறி விளையாடிய மரமாக இருக்கலாம். வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.