வாயைக் கட்டுனா மட்டும் போதுமா?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 11 வயசு, 58 கிலோ இருக்கான். ஸ்கூல்ல பட்டப்பேர் வச்சுக் கூப்பிடுறாங்கன்னு அழறான். சொந்தக்காரங்க எல்லாம் நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட, வாயைக் கட்டச் சொல்லுன்னு என்னையே சொல்றாங்க. நானும் அவரும் கம்பெனிக்குப் போறவங்க. தப்பு என் மேலதானா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இல்லம்மா. உங்க மேலயும் இல்ல, அவன் மேலயும் இல்ல, இதை முதல்ல அவன்கிட்ட சொல்லிடுங்க. தேசிய குடும்ப நல சர்வேயில 2015-16ல தமிழ்நாட்டுப் பெண்கள்ல 31 சதவீதம் பேருக்கு அதிக எடை, 2019-21ல அதே கணக்கு 40 சதவீதம். நாலஞ்சு வருஷத்துல அத்தனை லட்சம் பேருக்கும் ஒட்டுமொத்தமா வாய்க்கட்டுப்பாடு போயிடுச்சா என்ன? நம்மளச் சுத்தி இருக்கிறது மாறிடுச்சு.

சாயந்தரம் பெல் அடிக்கிற நேரம் ஸ்கூல் வாசல்ல நின்னு பாருங்க. பெட்டிக்கடையில சிப்ஸ் பாக்கெட் சரம் சரமா தொங்கும், 5 ரூபாதான், மாசக்கணக்குல கெடாது. வாழைப்பழம் ரெண்டு நாள்ல கறுத்துடும், கறுத்தா கடைக்காரருக்கு நஷ்டம், அதனால முன்னாடி தார் தொங்குன கம்பியில இப்ப பாக்கெட் தொங்குது. அவரைத் திட்டி என்னம்மா ஆகும், அவர் இடத்துல நாம இருந்தாலும் அதைத்தான் பண்ணுவோம். உள்ள பிடி பீரியடை மேத்ஸ் மிஸ் வாங்கிக்கிறாங்க, வீட்டுக்கு வந்தா ட்யூஷன், தெருவுல விளையாடலாம்னா வண்டி விடாது. எடை கூடுனா ஓடும்போது மூச்சு வாங்கும், மூச்சு வாங்குறவனை யாரும் டீம்ல சேக்கிறதில்ல, சேக்கலன்னா அவன் போனை எடுத்துட்டு உக்காந்துடுறான், எடை இன்னும் கூடுது, திரும்பவும் முதல்லருந்து. இப்படி ஒவ்வொண்ணும் எதோட முடிச்சுப் போட்டிருக்குன்னு சேத்துப் பாக்குறதைத்தான் சிஸ்டம்ஸ் திங்கிங்னு சொல்றாங்க.

2007ல பிரிட்டன் அரசாங்கத்தோட ஃபோர்சைட் அறிக்கையில உடல் பருமனுக்கு இந்த மாதிரி ஒரு வரைபடமே போட்டாங்க, நூறுக்கும் மேல காரணங்கள், பாத்தா சிக்கு விழுந்த நூல்கண்டுதான். திருப்பூர்க்காரங்களுக்கு நூலைப் பத்தி நான் சொல்லணுமா, கண்ட இடத்துல இழுத்தா இறுகிடும், எந்த முடிச்சுன்னு பாத்துப் புடிக்கணும். பிரிட்டன்காரங்க புடிச்ச ஒரு முடிச்சு கூல்டிரிங்க்ஸ். 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழ சர்க்கரைன்னா வரியே இல்ல, 5க்கு மேல போனா வரி, 8க்கு மேல இன்னும் அதிகம்னு 2016ல அறிவிச்சு 2018 ஏப்ரல்லதான் அமலுக்குக் கொண்டுவந்தாங்க. அந்த ரெண்டு வருஷ இடைவெளியில நிறைய கம்பெனிங்க தானாவே சர்க்கரையைக் குறைச்சுட்டாங்க, எந்தக் குழந்தைகிட்டயும் வாயைக் கட்டுன்னு சொல்ல வேண்டி வரல. நம்ம ஊர்லயும் 2017லருந்து இந்த கேஸ் டிரிங்க்ஸுக்கு 40 சதவீதம் வரி இருக்கு, ஆனா சர்க்கரை கம்மியா இருந்தாலும் அதிகமா இருந்தாலும் ஒரே வரி, அப்புறம் கம்பெனிக்காரன் எதுக்குக் குறைப்பான்? எனக்கு இது ரொம்ப ஆதங்கம்.

நீங்க செய்ய வேண்டியது, பையனுக்கு மட்டும் தனித் தட்டு, தனி டயட்னு வைக்காதீங்க, வீடு மொத்தமும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்க. குழந்தை டாக்டர்கிட்ட காட்டி உயரத்தோட சேத்து எடையைப் பாத்துக்குங்க. அப்புறம் நாலு அம்மாங்களா சேந்து ஸ்கூல்ல பேசுங்க, ஸ்கூல் கேட்லருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான தீனி விக்கக்கூடாதுன்னு 2020லயே உணவுப் பாதுகாப்பு விதி வந்திருக்கு. கடைக்காரர் பொழப்பும் போகக்கூடாது, சுண்டல், வேர்க்கடலை வச்சா நாங்க வாங்குறோம்னு அவர்கிட்டயும் சொல்லுங்க. பிடி பீரியடை மட்டும் விட்டுக்கொடுத்துடாதீங்க.

கேள்வி: ரேஷன்ல இலவச அரிசி குடுக்கிறதாலதான் எல்லாரும் குண்டாகிறாங்க, அதை நிறுத்தணும்னு எங்க ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. சரியா சார்?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: சரியில்லைங்க. அந்த அரிசி எத்தனை வீட்டுப் பசியை அடக்கியிருக்குன்னு ரேஷன் கடை க்யூவுல நிக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. அரிசியை நிறுத்துனா அந்த வீட்டுல காய்கறி பருப்புக்குப் போற காசுதான் அரிசிக்குப் போகும், தட்டுல இன்னும் சோறுதான் மிஞ்சும். பையில வேற என்ன சேக்கலாம்னு யோசிக்கணும். பருப்பு மலிவு விலையில ஏற்கெனவே வருது. 2023ல நீலகிரி, தர்மபுரி மாவட்டங்கள்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு குடுக்க ஆரம்பிச்சாங்க. களியும் கூழும் சாப்பிட்டுப் பழகுன ஊருங்க அது, உங்க சேலத்துப் பக்கமும் அப்படித்தானே.