பேராதனைப் படத்தில் இருந்த பெரிய பனைகளுக்கு என்ன ஆனது?

யாரும் வெட்டியிருக்கத் தேவையில்லை, தானாகவே பட்டுப்போயிருக்கும். உங்கள் தாத்தாவின் 1910ஆம் ஆண்டுப் பேராதனைத் தாவரவியல் தோட்டப் புகைப்படத்தில் விசிறி ஓலையும் உச்சியில் வெளிர்நிறப் பூக்குலையும் தெரிகிறது என்கிறீர்களே, அது தாளிப்பனைதான். 30 முதல் 80 வயதுக்குள் ஒரே ஒரு தடவை பூக்கும். காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம், அப்புறம் மரத்தின் கதை முடிந்தது.

கொழும்பில்தானே இருக்கிறீர்கள்? மரங்கள் எப்போது பட்டன என்று அறிய, கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய நிர்வாக அறிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள். தோட்டப் பணிப்பாளரின் வருடாந்த அறிக்கையும் அதில்தான் வரும். 1912இல் தோட்டம் விவசாயத் திணைக்களத்தின் கீழ் போய்விட்டது; அதற்குப் பிந்திய வருடங்களை அந்தத் திணைக்களத்தின் அறிக்கைகளில் தேடுங்கள். பெரிய கட்டுகள், பொறுமை வேண்டும்.

ஓலை தென்னைபோல இருந்தால் மட்டும் அது வேறு வகை, இந்தக் கணக்கு சரிவராது. தோட்டத்தில் இப்போதுள்ள அரசப்பனை வரிசை 1950இல் நட்டது, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.