துளசி ஏரியும் பாத்சாவும் ஒரே உயரமா?

மும்பை வாசகர்களின் கேள்விகளுக்கு, மாட்டுங்காவில் வசிக்கும் ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, மும்பைக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளைப் பற்றிப் பள்ளியில் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஏரியும் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று ஏழு பட்டைகள் வரைந்துவிட்டு, "பட்டை சரியா, வட்டம் சரியா, கோடு சரியா?" என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?
— ஒரு தாய், சயான்

பதில்: மகளிடம் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள். படத்தைப் பார்ப்பவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறாள்? ஏரிகள் எந்த அளவுக்கு நிறைந்தன என்பதையா, அடுத்த மழைக்காலம் வரை ஊருக்குத் தண்ணீர் போதுமா என்பதையா? இரண்டும் வேறு வேறு. சதவீதப் பட்டைகள் முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். பார்ப்பவர்களோ அதை இரண்டாவதற்கான விடையாக எடுத்துக்கொள்வார்கள்.

துளசி ஏரியின் முழுக் கொள்ளளவு 8,046 மில்லியன் லிட்டர். பாத்சாவின் கொள்ளளவு 7,17,037 மில்லியன் லிட்டர், அதாவது ஏறத்தாழ 89 மடங்கு. துளசி நிரம்பி வழிந்து, பாத்சா பாதியே நிறைந்திருக்கும் ஒரு நாளில், உங்கள் மகளின் படத்தில் துளசி இரண்டு மடங்கு உயரமாக நிற்கும். ஏழு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 14.47 லட்சம் மில்லியன் லிட்டர். அதில் பாத்சா மட்டும் ஏறக்குறைய பாதி. துளசி நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தேசியப் பூங்காவுக்குள் துளசி வழிந்தது என்ற செய்தி வந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் மகிழ்ச்சி பொங்குகிறது. நம் குழாயில் தண்ணீர் வருமா என்பதை முடிவு செய்வதில் பெரும்பங்கு தானே மாவட்டத்தில் பாத்சாவின் பக்கம் பெய்யும் மழைக்குத்தான்.

ஆகவே பட்டைகள் இருக்கட்டும், அளவை மாற்றச் சொல்லுங்கள். சதவீதத்துக்குப் பதிலாக மில்லியன் லிட்டர். ஒவ்வோர் ஏரிக்கும் முழுக் கொள்ளளவு வெளிர் நிறத்தில் ஒரு பட்டை. அதற்குள் இன்றைய இருப்பு அடர் நிறத்தில். சதவீதத்தைப் பட்டையின் முனையில் எண்ணாக எழுதினால் போதும். பாத்சா, மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, தான்சா, மோடக் சாகர், விஹார், துளசி என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தட்டும். பட்டைகளைக் கிடைமட்டமாக வரைவது நல்லது. பெயர்கள் நீளமானவை, செங்குத்துப் பட்டைகளின் கீழே அவற்றைச் சாய்த்து எழுதினால் படிப்பவருக்குக் கழுத்து வலிக்கும்.

ஏரிகளின் பட்டை முனைகளை ஒரு கோட்டால் இணைக்க வேண்டாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்ந்து மாறும் அளவுக்குத்தான் கோடு. விஹாருக்கும் துளசிக்கும் நடுவே அப்படி எதுவும் இல்லை.

நாளுக்கு நாள் மாறும் மொத்த இருப்புக்கோ கோடுதான் சரி. ஜூன் முதல் அக்டோபர் வரை தேதிகள் கீழே, மொத்த இருப்பு பக்கவாட்டில். இந்த ஆண்டுக்கு ஒரு தடித்த கோடு, முந்தைய ஆண்டுகளுக்கு மெல்லிய சாம்பல் கோடுகள். அக்டோபர் 1 அன்று ஏரிகள் முழுதாக நிறைந்திருந்தால் தண்ணீர் வெட்டு இல்லாமல் ஆண்டைக் கடத்திவிடலாம் என்பது மாநகராட்சியின் கணக்கு. அந்த 14.47 லட்சத்தில் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு போடட்டும். ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால் நான் இதைத்தான் வரைவேன்.

கேள்வி: எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பதினொரு செலவுத் தலைப்புகளை முப்பரிமாண வட்டப் படமாகக் காட்டினோம். டேங்கர் தண்ணீர்ச் செலவு பெரிதா, காவலாளிகளுக்கான செலவு பெரிதா என்று பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது.
— பொருளாளர், செம்பூர்

பதில்: உறுப்பினர்கள் மேல் தவறில்லை. வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் 1984-ல் இதைச் சோதனை செய்து எழுதினார்கள். ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் அளவுகளை நம் கண் நன்றாக ஒப்பிடுகிறது; கோணங்களை ஒப்பிடுவதில் தடுமாறுகிறது. வட்டத்தைச் சாய்த்து முப்பரிமாணமாக்கினால் நிலைமை இன்னும் மோசம். முன்பக்கத்துத் துண்டு பெருத்தும் பின்பக்கத்துத் துண்டு சிறுத்தும் தெரியும். பிறர் பணத்துக்குக் கணக்குச் சொல்லும் இடத்தில் அந்தப் படத்தை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

பதினொரு தலைப்புகளையும் பெரியதிலிருந்து சிறியதாகப் பட்டைகளாக்கி, ரூபாயைப் பக்கத்திலேயே எழுதுங்கள். சிறியவற்றை 'இதர' என்று மூட்டை கட்டாதீர்கள்; சந்தேகம் முதலில் அங்கேதான் விழும். டேங்கர் செலவுக்குத் தனிப் படம் தேவை: ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதவாரியாக, சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் அருகருகே. கோடையில் ஏறும் செலவு எது, ஆண்டு முழுவதும் ஏறிய செலவு எது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கும். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதானால் நிறங்களை நம்ப வேண்டாம். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும்.

பராமரிப்புத் தொகை கட்டியவர்கள், கட்டாதவர்கள் என்று இரண்டே பங்குகள் இருந்தால் வட்டத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: சாந்தாகுரூஸ், கொலாபா இரண்டு நிலையங்களின் மழை அளவுக்கும் சராசரி எடுத்து மும்பைக்கு ஒரே கோடாக வரையலாமா?
— கல்லூரி மாணவர், தாராவி

பதில்: வேண்டாம். 2005 ஜூலை 26-ஐ நினைத்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை; கொலாபாவில் சுமார் 73 தான். சராசரி 500-க்குச் சற்று மேல் வரும். அப்படி ஒரு மழை இரண்டு இடத்திலும் பெய்யவில்லை. இரண்டு நிலையங்களுக்கும் தனித்தனிப் படம் வரைந்து, ஒரே அளவுகோலில் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். தினசரி மழைக்குப் பட்டை. ஜூன் தொடங்கி இதுவரை சேர்ந்த மொத்தத்துக்குக் கோடு.

கேள்வி: அளவு அச்சு கட்டாயம் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டுமா?
— அலுவலக ஊழியர், டோம்பிவிலி

பதில்: பட்டைக்குக் கட்டாயம். அதன் நீளம்தான் எண்ணைச் சொல்கிறது. 96 லட்சம் 99 லட்சமானதை 95-ல் தொடங்கி வரைந்தால் விற்பனை நான்கு மடங்கானதுபோல் தெரியும். கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காய்ச்சல்காரரின் உடல் வெப்பத்தைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் 98.6-க்கும் 102-க்கும் உள்ள வேறுபாடே கண்ணில் படாது. மருத்துவருக்கு அந்தப் படத்தால் பயனில்லை. பூஜ்யத்தை விட்டு வேறு எண்ணில் தொடங்கினால், அதைப் படத்துக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.