விலை பேசும் முன் பின்கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீடு. ஐந்து பேர் இருக்கிறோம்; அப்பாவுக்கு மூட்டு வலி. அவரைக் கோவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக, ஆடியில் தாராபுரம் வழியாகப் பழனிக்குப் போக, எப்போதாவது இரண்டு வாழைத்தார் ஏற்ற என எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி வேண்டும். பழைய டாடா இண்டிகோ மரினா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பார்க்க லட்சணமாக இருக்கிறது. வாங்கலாமா, எர்டிகா மாதிரி ஏழு இருக்கை வண்டிக்குப் போகலாமா?

பதில்: மரினா ஸ்டேஷன் வேகன் வகை. இப்படிக் கூரையைப் பின்னால் சரியவிடாமல் வால்வரை நேராக இழுத்துவிட்டால் ஒரு கம்பீரம் வந்துவிடும். நீங்கள் சொல்லும் லட்சணம் அதுதான். 2004இல் வந்த மரினா, டிக்கி வைத்த இண்டிகோவைவிட அழகு என்பது என் கட்சி. ஆனால் டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால்தான் கார் என்று நம்மவர்கள் நினைத்தார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் இன்று புதிய ஸ்டேஷன் வேகனே இந்தியாவில் கிடையாது.

சிக்கலும் அந்த அழகான பின்பாதியில்தான். மரினாவின் முன்பாதி இண்டிகோவுடையது. உக்கடத்தில் தேடினால் உதிரிபாகம் அகப்படும். பின்கதவும் கடைசிப் பக்கக் கண்ணாடியும் அப்படியல்ல, வேகனுக்கென்றே செய்தவை. ஒன்று உடைந்தால் அலைய வேண்டும்.

ஆகவே விலை பேசும் முன் பின்கதவை முக்கால் உயரம் தூக்கிக் கையை மெல்ல எடுத்துப் பாருங்கள். கதவைத் தாங்கும் கேஸ் தண்டு சோர்ந்திருந்தால் கதவு தலைமேல் இறங்கும். தரைவிரிப்பைத் தூக்கி அடித்தகட்டைத் தடவுங்கள். ஈரமோ துருவோ கையில் பட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கில் கிழிசல் இருக்கக் கூடாது. நேராக வெட்டிய வாலுக்குப் பின்னால் ஓட்டத்தில் காற்றழுத்தம் குறையும். புழுதியும் புகையும் அங்கே சுழன்று, கிடைத்த இடுக்கு வழியாக உள்ளே ஏறும். பின்கண்ணாடியில் மண் படிவதும் இதனால்தான். பின் வைப்பர் ஓடுகிறதா என்று பாருங்கள். இத்தனை பழைய வண்டி பெரும்பாலும் 15 ஆண்டைத் தாண்டியிருக்கும். ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஓட்டத்தில் மரினாவைக் குறை சொல்ல மாட்டேன். பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் அதற்கு உண்டு. எர்டிகாவில் இரண்டையும் டார்ஷன் பீம் என்ற குறுக்குச் சட்டம் இணைக்கிறது; ஒரு சக்கரத்தின் குலுக்கல் மற்றதையும் தொடும். தாராபுரம் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடிக் காற்று குறுக்கே அடிக்கும்போது உயரமான வண்டியை ஸ்டீயரிங்கில் இழுத்துப் பிடிக்க வேண்டும். தாழ்ந்த வேகனுக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் அந்தத் தாழ்வுதான் அப்பாவுக்கு எதிரி. இரண்டு வண்டிகளையும் பார்க்க அவரை வேட்டியோடு அழைத்துப்போங்கள். பின் இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். பிறகு எதையும் பிடிக்காமல் எழச் சொல்லுங்கள். இருக்கை முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தால் எழுந்துவிடுவார். கீழே இருந்தால் பாரமெல்லாம் மூட்டில் ஏறும். இந்தச் சோதனையில் எர்டிகாவோ, அதேபோல ஏழு இருக்கை வண்டியான கியா கேரன்ஸோ ஜெயிக்கும் என்றே நினைக்கிறேன். என் பரிந்துரையும் அந்தப் பக்கம்தான்.

ஏழு இருக்கை என்பதற்காக ஏழு பேரை ஏற்ற வேண்டியதில்லை. எர்டிகாவில் மூன்றாம் வரிசை நிமிர்ந்திருந்தால் சாமானுக்கு 209 லிட்டர் இடம்தான், மடித்தால் 550. ஐந்து பேர் வீட்டில் மடித்தே வையுங்கள், உங்கள் வேகன் தயார். பின்வரிசைக்கும் ஏ.சி. காற்று வருவது சித்திரை வெயிலில் பெரிய ஆறுதல்.

வெளி அலங்காரத்தில் கையை அடக்குங்கள். பெரிய அலாய் வீலும் மெல்லிய டயரும் போட்டால் வேகத்தடையின் அடி நேரே அப்பாவின் இடுப்புக்குப் போகும். முன்னால் இரும்புக் காவல்கம்பி பொருத்த 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை விதித்துவிட்டது. கண்ணாடி முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் வெளிச்சமாவது விட வேண்டும்.

வாழைத்தாருக்குத் தார்ப்பாய் விரித்து, வெட்டிய காம்பில் பழந்துணி சுற்றுங்கள். வாழைப்பால் கறை இருக்கைத் துணியில் பட்டால் போகாது. தாரைக் கயிறு போட்டுக் கட்டவும் வேண்டும். இந்த வகை வண்டிகளில் சரக்குக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கை முதுகைத் தவிரத் தடுப்பு கிடையாது. திடீர் பிரேக்கில் தார் முன்னால் பாய்ந்துவிடும்.