டீச்சரம்மா பதில்கள்: டயப்பர் கேட்டு அழும் பாப்பா

கேள்வி: டீச்சரம்மாவுக்கு வணக்கம். என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. உச்சா வந்தால் சரியாகச் சொல்லிவிடுகிறாள். ஆய் வந்தால் மட்டும் டயப்பர் கேட்கிறாள். மாட்டிவிட்டதும் கதவுக்குப் பின்னால் போய் நின்று முடித்துவிட்டு வருகிறாள். பாத்ரூமில் உட்கார வைத்தால் காலை விறைத்துக்கொண்டு அழுகிறாள். சில சமயம் மூன்று நாள் வரை போவதே இல்லை. வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைக்கலாம் என்கிறார் அத்தை. ஜூனில் ப்ளே ஸ்கூல் சேர்க்க வேண்டும். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அவள் கேட்கும் டயப்பரைக் கொடுத்துவிடுங்கள் அம்மா. மறுத்தால் இன்னும் அடக்குவாள். வருவது அவளுக்குத் தெரிகிறது, வாய்விட்டுக் கேட்கிறாள், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்துப் போகிறாள். முக்கால்வாசி பழகிவிட்டாள் என்றுதான் நான் சொல்வேன். மிச்சம் இருப்பது பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் வலி.

எப்போதோ ஒரு நாள் இறுகிப்போய் வலித்திருக்கும். அடுத்த முறை வரும்போது குழந்தை அடக்கிக்கொள்ளும். அடக்க அடக்க, உள்ளே இருக்கும் மலத்தின் தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது இன்னும் கெட்டியாகி, பருத்து, வெளியே வரும்போது முன்பைவிட வலிக்கும். அப்புறம் எப்படி உட்காரும்?

பால்வாடியில் வேலை பார்த்த காலத்தில் இப்படி அடக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நின்று, பின்பக்கத்தை இறுக்கிக்கொள்வான். நெற்றியெல்லாம் வியர்த்துவிடும். கூட்டிப்போக வரும் பாட்டி, “பாவம், முக்குறான்” என்பார். அவன் முக்கவே இல்லை, வந்துவிடாமல் பிடித்துவைத்துக்கொண்டிருந்தான். உங்கள் மகள் காலை விறைப்பதும் இதுதான். பிடிவாதம் என்று அதட்டிவிடாதீர்கள்.

ஆகவே முதல் வேலை, மலத்தை இளக்குவது. ஆட்டுப் புழுக்கை மாதிரியோ, தடித்து வெடிப்பு விட்டோ போகிறதா என்று பாருங்கள். எவ்வளவு பால் குடிக்கிறாள் என்றும் கணக்குப் பாருங்கள். பாட்டில் பாட்டிலாகப் பால் குடித்து வயிறு நிறையும் குழந்தை சோறும் காய்கறியும் தொடாது. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் பால் தாராளம். கீரையைக் கடைந்து பருப்புச் சாதத்தில் பிசைந்து கொடுங்கள். பப்பாளி, கொய்யா, ஊறவைத்து மசித்த உலர்திராட்சை, அடிக்கடி தண்ணீர்.

இரண்டு வாரத்தில் இளகாவிட்டால் குழந்தை டாக்டரிடம் போய்விடுங்கள். ரத்தம் தெரிந்தாலோ, வயிறு உப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ காத்திருக்கவே வேண்டாம். ஜட்டியில் தண்ணியாகக் கசிந்துகொண்டே இருந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள். கெட்டி மலம் அடைத்திருக்கும்போது அதன் ஓரமாகத் தண்ணி மலம் கசியும். டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்தால், ஒரு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடாதீர்கள். விரிந்துபோன குடல் பழையபடி வர மாதக்கணக்கில்கூட ஆகும். அவர் சொல்லும்வரை கொடுங்கள்.

வெற்றிலைக் காம்பு வேண்டவே வேண்டாம். சோப்புத் துண்டும் வேண்டாம். எந்த இடம் வலிக்கும் என்று குழந்தை நடுங்குகிறதோ, அதே இடத்தில் நாமும் கை வைத்தால் பயம் இரண்டு மடங்காகிவிடும். அத்தையின் அக்கறை பெரிது. அதனால் கீரை கடையும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

வலி போன பிறகு இடத்தை மாற்றலாம். கதவுக்குப் பின்னால் போகிறவள், அதே டயப்பரோடு பாத்ரூமுக்குள் போய் நிற்கட்டும். அது பழகியதும், டயப்பரோடு, குழந்தைகள் ஆய் போவதற்கென்றே இருக்கும் சின்ன சேரில் உட்காரட்டும். அப்புறம் டயப்பரைத் தளர்த்தி, கடைசியில் சேருக்குள் விரித்துவிடுங்கள். கால் தரையில் பதியும் சின்ன சேர்தான் நல்லது. பெரிய டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க வராது. சாப்பிட்டு அரை மணிக்குள் குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும். அவள் வெளியே வந்த பிறகு ஃபிளஷ் செய்யுங்கள். அந்தச் சத்தத்துக்கே பயப்படும் குழந்தைகள் உண்டு.

ப்ளே ஸ்கூலில் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். உச்சாவுக்குச் சொல்லத் தெரிந்த குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவர்களுக்குக் கஷ்டமில்லை. ஜூனைக் காட்டி அவளை அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: மகனுக்கு ஒன்றரை வயது. “உன்னையெல்லாம் ஒரு வயதிலேயே பழக்கிவிட்டேன்” என்று அம்மா தினமும் சொல்கிறார். நான் தாமதமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. உங்கள் அம்மா சொல்வதும் பொய்யில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் குழந்தையை உட்கார வைத்து, “ஸ்ஸ்ஸ்” என்று சத்தம் கொடுத்துப் போக வைத்த தலைமுறை அது. குழந்தையின் நேரத்தையும் முகக்குறிப்பையும் அம்மா படித்துவைத்திருந்தார். அருமையான வழக்கம், வீட்டில் ஆளிருந்தால் இன்றும் செய்யலாம். ஆனால் குழந்தை தானே அடக்கி, தானே சொல்லிப் போவது பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள்தான் கைகூடும். இரண்டு மணி நேரம் துணி நனையாமல் இருக்கிறதா, ஈரமானால் இழுத்துக் காட்டுகிறானா, ஜட்டியைத் தானே இறக்க முயல்கிறானா என்று கவனியுங்கள். அப்போது ஆரம்பித்தால் போதும். கோடையில் ஆரம்பியுங்கள், துணி சீக்கிரம் காயும்.

கேள்வி: நான்கு வயதுப் பையன் பகலில் சரி, இரவில் படுக்கையை நனைக்கிறான். டாக்டரிடம் போகலாமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இப்போதைக்கு அவசரமில்லை சார். ஐந்து வயது வரை டாக்டர்களே இதை ஒரு நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. குடும்பத்தில் இருந்தால் பிள்ளைக்கும் வரலாம், உங்கள் அம்மாவிடம் உங்களைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். ஆறு மாதம் நனைக்காமல் இருந்தவன் திடீரென்று ஆரம்பித்தாலோ, எரிகிறது என்றாலோ, ஓயாமல் தண்ணீர் கேட்டாலோ உடனே காட்டுங்கள். மற்றபடி பெட்ஷீட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட், படுக்கும் முன் ஒருமுறை பாத்ரூம். விசேஷ வீடுகளுக்குப் போனாலும் ஷீட்டையும் மாற்று டிரவுசரையும் உங்கள் பையில் எடுத்துப்போங்கள். சொந்தக்காரப் பிள்ளைகள் முன்னால் இந்தப் பேச்சே வரக் கூடாது.